சாவி யார் கையில்?

கம்ப்யூட்டரின் கட்டளைப்படி இரும்பைக் கடைந்தும் செதுக்கியும் கொடுக்கின்ற சி.என்.சி. இயந்திரங்கள் இன்று கோயமுத்தூர், ஓசூர், சென்னை முதலிய ஊர்களின் பட்டறைகளில் சர்வ சாதாரணமாய் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் முன்னால் நின்று வேலை செய்கிறவர்களில் கிராமத்திலிருந்து வந்த நம் பிள்ளைகள் பலர் உண்டு. இவர்களைப் பார்த்து, "உள்ளே நடப்பதெல்லாம் உனக்கு எதற்கு? கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நீ ஜாப்பை மாட்டு, பொத்தானை அமுக்கு, கழற்று" என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருந்து வருகிறது. இது ஏதோ தொழில் காரியமாய்ச் சொல்லப்படும் வார்த்தை போல் தோன்றினாலும், இதற்குள் இருப்பது பழைய விஷமேயாகும். "மந்திரத்தின் அர்த்தம் உனக்கு வேண்டாம், தட்சணையை வைத்துவிட்டுக் கும்பிடு" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

இந்த இயந்திரங்கள் பலவற்றின் முகப்புப் பலகையில் ஒரு சிறு சாவித் துவாரம் இருக்கிறது. திறந்தால் புரோகிராமைத் திருத்தலாம். பூட்டினால் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. சிலவற்றில் சாவிக்குப் பதிலாக இரகசிய எண் இருக்கும். அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

முதலாவது, இந்த இயந்திரத்திற்குள் மனித புத்திக்கு எட்டாத அற்புதம் ஏதாவது உண்டா என்று பார்ப்போம். ஓர் இடத்தைக் குறிப்பதற்கு இடம் வலம் ஓர் எண், முன் பின் ஓர் எண், மேல் கீழ் ஓர் எண், ஆக மூன்று எண்கள் போதும். புரோகிராம் என்பது இவ்வெண்களை வரிசையாய் எழுதி வைத்த சீட்டே தவிர வேறல்ல. "ஜி 01, எக்ஸ் 50, எஃப் 200" என்று ஒரு வரி இருந்தால், நிமிஷத்திற்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில், நேர்கோட்டில், 50 என்ற இடத்திற்குப் போ என்று அர்த்தம். பூஜ்யத்திலிருந்து புறப்பட்டால் 15 வினாடியில் போய்ச் சேரும். இந்தக் கணக்கு நாலாம் வகுப்புப் பையனுக்கும் விளங்கும்.

அந்த எண் இரும்பை எப்படி நகர்த்துகிறது? மேஜைக்கு அடியில் நீண்ட திருகு ஒன்று இருக்கிறது. திருகுக்கும் அதன் மரைக்கும் நடுவே, ஆட்டமில்லாமல் இருக்கும்படி எஃகு உருண்டைகள் ஓடுகின்றன. திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் மேஜை 10 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றுகிற மோட்டாரின் முதுகில் ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்புகள் எண்ணிச் சொல்லும் கருவி ஒன்றிருந்தால், ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு ஆகிறது. 50 மில்லிமீட்டருக்கு ஐந்து சுற்று, 50,000 துடிப்பு. இருக்க வேண்டிய இடம் எது, இப்பொழுது இருக்கும் இடம் எது என்று ஓயாமல் ஒத்துப் பார்த்து, குறைந்தால் கூட்டியும் மிஞ்சினால் குறைத்தும் மோட்டார் ஓட்டப்படுகிறது. கடைக்காரர் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே சர்க்கரையைச் சிட்டிகை சிட்டிகையாய்ப் போட்டும் எடுத்தும் சரிக்கட்டுவதும் இதுவும் ஒன்றே. இவர் கையால் செய்வதை அது வினாடிக்குப் பல நூறு தடவை செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, அதைக் கட்டுகிறவர்கள் யார்? வார்ப்பு இரும்பால் படுக்கை வார்க்கிறார்கள். அதைச் சமமாக்குவதற்கு, நீலம் பூசிய சட்டத்தை மேலே வைத்துத் தேய்த்து, நீலம் ஒட்டிய மேட்டையெல்லாம் சுரண்டி எடுக்கிறார்கள். அதிநுட்பமான இயந்திரங்களுக்கு இன்றும் கையாலேயே சுரண்டுகிற தொழிலாளிகள் இருக்கிறார்கள். சமம் என்பதை முதன்முதலில் எப்படிக் கண்டார்கள் தெரியுமா? இரண்டு பலகைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்து நம்மை ஏமாற்றிவிடும். மூன்று பலகைகளை மாற்றி மாற்றி ஒத்துப் பார்த்தால் மூன்றும் சமமாயிருந்தாலொழியப் பொருந்தா. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் இம்முறையை 1840-இல் அறிஞர் சபையில் விளக்கிச் சொன்னார். அந்த மாட்ஸ்லேயோ 12 வயதில் ஆயுதசாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பி வயிறு வளர்த்த பையன். ஆகவே கம்ப்யூட்டருக்கு நுட்பத்தைக் கற்றுக் கொடுத்த குரு யாரென்றால், அரமும் சுரண்டியும் பிடித்துக் காய்த்துப்போன கையேயாகும்.

நிற்க. எண்ணால் இயந்திரத்தை ஓட்டும் யோசனை பிறந்ததும் பட்டறையில்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்து வந்தார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். இறக்கையின் வளைவை அளக்க வேண்டிய அச்சுப் பலகைகள் சரியாய் அமையவில்லை. அவரும் ஃபிராங்க் ஸ்டூலன் என்ற இஞ்சினீயரும் துளையிட்ட அட்டைக் கணக்கு இயந்திரத்தைக் கொண்டு வளைவின் புள்ளிகளை நெருக்கமாய்க் கணக்கிட்டார்கள். ஒருவர் எண்ணைப் படிக்க, ஒருவர் ஒரு கைப்பிடியையும் மற்றொருவர் மற்றொரு கைப்பிடியையும் திருப்பி வெட்டினார்கள். இதை மோட்டாரே செய்தால் என்ன என்று தோன்றியது. 1949-இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவ்வேலையில் புகுந்து, 1952-இல் துளையிட்ட காகித நாடாவால் ஓடும் மில்லிங் மிஷினை ஓட்டிக் காட்டிற்று. பார்சன்ஸுக்கும் ஸ்டூலனுக்கும் 1958-இல் பேட்டண்ட் கிடைத்தது.

ஆனால் அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கைதேர்ந்த தொழிலாளி முதல் ஜாப்பைத் தன் கையால் வெட்டுவார். அவர் கை போன போக்கெல்லாம் காந்த நாடாவில் பதிவாகும். பிறகு நாடாவைப் போட்டால் இயந்திரம் அதையே திருப்பிச் செய்யும். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியாரே 1940-களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆயினும் இவ்வழி தலையெடுக்கவில்லை. ஏன்? 1984-இல் இதைப் பற்றிப் பெரும் புத்தகம் எழுதிய டேவிட் நோபிள் என்ற சரித்திர ஆசிரியர் காரணத்தை எடுத்துக் காட்டுகிறார். அந்த முறையில் புரோகிராமைப் படைப்பவர் தொழிலாளியாகவே இருந்தார். முதலாளிகளுக்கு வேண்டியிருந்ததோ, தொழிலாளியின் அறிவைப் பட்டறையிலிருந்து பிடுங்கி ஆபீசுக்குள் கொண்டுபோய் வைக்கும் முறை. விமானத்தின் சிக்கலான வளைவுகளுக்குக் கணக்கு முறை தேவைதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு வேண்டும் என்பதிலிருந்து கணக்கைத் தொழிலாளி தொடக்கூடாது என்பது எப்படி வந்தது? அது விஞ்ஞானம் சொன்னதல்ல, ஆதிக்கம் சொன்னது.

1970-களில் இயந்திரத்தின் உள்ளேயே சிறு கம்ப்யூட்டர் வந்து, நின்ற இடத்திலேயே புரோகிராமைத் திருத்தலாம் என்று ஆனபோது அந்த நியாயமும் ஒழிந்தது. ஜெர்மனியில் 1980-களில் தொழிலாளியே பட்டறையில் புரோகிராம் எழுதுவதற்கென்றே முறைகள் வகுத்தார்கள். அங்கே இயந்திரம் ஒன்றும் வெடித்துப் போகவில்லை.

இப்படி நாம் சொன்னால் சில "பெரிய மனிதர்கள்" ஓர் ஆட்சேபணை கிளப்பக்கூடும். "பல இலட்ச ரூபாய் இயந்திரம், தெரியாதவன் ஓர் எண்ணை மாற்றினால் டூல் போய் மோதி நாசமாகிவிடுமே" என்பார்கள். மோதும் என்பது உண்மைதான். ஆனால் தெரியாதவனாய் அவனை வைத்திருப்பது யார்? நீந்தத் தெரியாது என்று சொல்லித் தண்ணீரில் இறங்கவே விடாமல் வைத்துவிட்டு, பிறகு "இவனுக்கு நீந்தவே வராது" என்று பழிப்பது யோக்கியமா? பழைய புரோகிராமைப் பத்திரமாய் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். திரையில் டூல் போகும் பாதையைப் படமாய்ப் பார்க்கலாம். ஜாப் இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு வரியாய் நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். இவ்வளவு பாதுகாப்பையும் இயந்திரத்திலேயே வைத்திருக்கிறார்களே, அது யாருக்காக?

அன்றியும் கம்ப்யூட்டருக்குத் தெரியாதவை அநேகம். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு ஒரு டிகிரி சூடு ஏறினால் 11, 12 மைக்ரான் நீளுகிறது. காலையில் சரியாயிருந்த அளவு பகல் பன்னிரண்டு மணிக்குத் தவறுவதைக் கண்டுபிடிப்பவர் மைக்ரோமீட்டரைக் கையில் வைத்திருக்கும் ஆப்பரேட்டர். டூலின் முனை மழுங்கினால் சத்தம் மாறுகிறது. அதைக் கேட்பது அவர் காது. வேகத்தைச் சற்றுக் குறைத்தால் ஜாப் பிழைக்கும் என்று அவர் அறிவு சொல்கிறது. அவரோ சாவி வைத்திருப்பவர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்; வருவதற்குள் ஜாப் கெட்டுப்போனால் பழி மட்டும் அவர் தலையில்! இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

எழுதுகிறவன் உயர்ந்தவன், செய்கிறவன் தாழ்ந்தவன் என்பது இந்நாட்டில் வெகுகாலப் புரட்டு. படிக்கக் கூடாது என்று காதில் ஈயம் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாஸ்திரத்தின் பேரன்தான் இந்தப் பூட்டு. பூணூல் இல்லாத இரும்பிலும் அந்தப் புத்தி வந்து புகுந்துகொண்டது.

நம்மவர்கள் மீதும் குற்றம் சொல்லாமலிருக்க முடியவில்லை. தனக்குத் தெரிந்த செட்டிங்கை அடுத்த பையனுக்குச் சொல்லாமல் மறைக்கிற பழைய செட்டரும் ஒரு குட்டிப் பார்ப்பானே. வருஷத்திற்கு ஒரு நாள் இயந்திரத்திற்கு விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குகிறோமே, அந்த இயந்திரத்தோடு வந்த கையேட்டை ஒரு நாளாவது திறந்து பார்த்தோமா? பொட்டு வைத்த இடத்திலேயே சாவித் துவாரம் இருக்கிறதே, அது கண்ணில் பட்டதா?

ஆகவே தோழர்களே! "கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்ற வார்த்தையை இனி நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் எதையும் பார்ப்பதில்லை. எழுதி வைத்ததைச் செய்கிறது. எழுதியவன் ஒரு மனிதன். நீங்களும் மனிதர்களே. அந்த ஜி எண்களையும் எம் எண்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படியுங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுங்கள். சங்கங்கள் கூலி உயர்வைக் கேட்கும்போது, கூடவே கற்றுக் கொடுக்கும்படியும் சாவியைக் கொடுக்கும்படியும் கேட்கட்டும். கூலி உயர்ந்தும் சாவி கிடைக்காவிட்டால், நாளைக்கு நமக்குப் பதில் பொத்தான் அமுக்க ஓர் இரும்புக் கை வந்துவிடும். அப்பொழுது அழுது பிரயோஜனமில்லை.