ரத்தத்துலயே இருக்காம்!

"அது அவங்க டி.என்.ஏ.லயே இருக்கு மச்சான்." கட்டுகஸ்தோட்டை பஸ்ல, கெம்பஸ் கன்டீன்ல, வட்ஸ்அப் குரூப்ல, எங்க போனாலும் இந்த ஒரே வசனம்தான். கிரிக்கட்ல தோத்தாலும் டி.என்.ஏ., பக்கத்து இனத்தைத் திட்டணும்னாலும் டி.என்.ஏ. முந்தி "ரத்தம்", "சாதிப்புத்தி" என்று சொன்னதுக்கு இப்ப ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டி விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். விஞ்ஞானத்தை ஓ.எல்.லோட கைகழுவினவர்கள். "உங்களுக்கு இதுல என்ன தெரியும்?" என்று கேட்கலாம். ஆனால் இந்த வசனம் பேசுறவங்களும் அதே ஓ.எல். படத்தோடதான் நிக்கிறாங்க: முறுக்கின ஏணி, வட்சன், கிரிக், 1953. கல்வெட்டு மாதிரி எழுதியாச்சு, இனி அசையாது என்ற நினைப்பு.

எங்களை இதைத் தேடி வாசிக்க வைத்தது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவின் கதை. அவங்க அப்பாவுக்கு நாற்பது வயசு தாண்டியதும் நடை தடுமாறத் தொடங்கியது. பிறகு பேச்சு குழறியது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷனை, "காலையிலேயே ஏத்திட்டார்" என்று த்ரீவீல் ஸ்டாண்டில சிரிச்சாங்க. பரம்பரையாக வரும் சிறுமூளை நோய் என்று டொக்டர் சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. அதோட அக்காவுக்குப் பேசி வந்த கல்யாணமும் நின்றது. தரகர் சொன்ன காரணம்: "அந்தக் குடும்பத்து ரத்தமே சரியில்ல."

நோயின் பெயர் ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா, முதலாம் வகை. டி.என்.ஏ. எழுத்துகளில் சி-ஏ-ஜி என்ற மூன்று, ஆறாவது நிறமூர்த்தத்தில் ஒரு ஜீனுக்குள்ள திரும்பத் திரும்ப வருது. இது எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கும் இருக்கு, தரகருக்கும் இருக்கு. பலருக்கு முப்பது தடவை போல. இடையில் வேறெதுவும் வராமல் 39 அல்லது அதுக்கு மேல ஓடினால்தான் நோய்.

எப்படிக் கூடுது? இங்கதான் அந்த ஏணிப் படம் காலை வாருது. பிரதி எடுக்கவோ பழுது பார்க்கவோ இரண்டு இழைகளும் பிரியும்போது, இப்படி ஒரே மாதிரி ஓடுகிற பகுதி தன்மேலயே மடிந்துவிடும். மஹியங்கனைப் பாதையில் பேர்போன 18 வளைவு இருக்கே, அது மாதிரிக் கொண்டை ஊசி. மடிந்த இடத்தில் கலத்துக்குக் கணக்குப் பிழைக்குது. சில சி-ஏ-ஜி கூடிப்போகுது. குறிப்பாக அப்பா வழியாக வரும்போது இன்னும் நீளும். நீள நீள, பிள்ளைக்கு அப்பாவைவிட இளவயசிலேயே நோய் தொடங்கும். இதில் பாவம் எங்க இருக்கு? சூனியம் எங்க இருக்கு?

இன்னொன்று வாசித்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அந்தத் தொடரின் நடுவே சி-ஏ-டி என்று ஒரு மாற்று எழுத்துக்கூட்டம் கலந்திருந்தால், தொடர் நிலையாக இருக்குமாம். கலப்பே இல்லாமல் "சுத்தமாக" ஓடுகிற தொடர்தான் ஆட்டம் காணுது. சுத்த ரத்தம் பேசுறவங்க முகத்துல இதை எறியணும் போல இருந்தது. எறியல. மூலக்கூறிலிருந்து சமூகத்துக்குப் பாடம் எடுப்பதுதானே அவங்க செய்ற வேலையும்?

"அப்ப பரம்பரை நோய்னு சொல்றது சரிதானே, மாப்பிள்ளை வீட்டுக்குப் பயம் வராதா?" வரும். வரட்டும். அந்தப் பயத்துக்குக் கணக்கு இருக்கு: நோயாளியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த ஜீன் வராத பிள்ளை அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. "குடும்பத்து ரத்தம்" என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அக்கா, தங்கச்சி, சித்தப்பா மகன் என்று எல்லாரையும் ஒரே வாளியில போட்டுடும்.

எந்த இனத்து ரத்தம் என்றும் சொல்லுங்களேன். தமிழ்நாட்டில் ஒரு தமிழ்ச் சமூகத்தில் இந்த நோய் அதிகம் என்று 2005இல் ஒரு ஆய்வு வந்தது. இலங்கையில் செய்த ஆய்விலும் இந்த வகை அட்டாக்சியாதான் முன்னுக்கு நிற்குது. சைபீரியாவின் யாக்கூத் மக்களிடமும் நிறைய.

இதே வட்ஸ்அப் குரூப்பில் ஷங்கர் பாலசுப்ரமணியன் படத்தைப் போட்டு "தமிழன்டா" என்று நெருப்பு விட்டவர்களும் இருக்கிறார்கள். 1966இல் சென்னையில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர், 2017இல் சேர் பட்டம். எல்லாம் சரி. அவர் என்ன கண்டுபிடித்தார் என்று ஒருத்தராவது கேட்டாங்களா? டி.என்.ஏ.யை வேகமாக வாசிக்கும் முறையை டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். அதோட, ஜி எழுத்து நிறைந்த இடங்களில் டி.என்.ஏ. நான்கு இழையாக மடிந்து நிற்பதை 2013இல் அவருடைய குழு மனிதக் கலங்களுக்குள்ளேயே காட்டியது. அப்படி மடியக்கூடிய இடங்கள் மனித மரபணுத் தொகுதியில் ஏழு இலட்சத்துக்கும் மேல் என்று 2015இல் அதே குழு எண்ணிச் சொன்னது. கலத்துக்குள் ஒரு நேரத்தில் மடிந்திருப்பது அதில் சிறு பங்குதான். ஜீன்கள் தொடங்கும் இடங்களில் இவை இருக்கு. எந்த ஜீன் எப்ப பேசணும் என்பதில் இவைக்கும் பங்கு உண்டு. அவிழ்க்க வேண்டிய நேரத்தில் அவிழாவிட்டால் இழையே முறியலாம். மடிப்பு எல்லாமே நோய் என்றும் இல்லை.

அந்த மனுஷனின் பெயர் மட்டும் நமக்கு வேணும், வேலை வேண்டாம். தமிழில் இதைப் பற்றி ஒரு பந்தி தேட நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் தனிக் கட்டுரையாகிவிடும்.

டெஸ்ட் எடுப்பதா என்று அக்கா இன்னும் முடிவு செய்யல. நோயை நிறுத்த இன்று மருந்து இல்லை என்பதால், தெரிஞ்சுக்காமல் இருப்பதும் அவங்க உரிமை. தரகர் மட்டும் போன கிழமையும் வாசல்ல நின்று, "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்டுட்டுப் போனார்.