ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல்



என் தங்கை வீட்டுக்காரருக்கு நெஞ்சுக்குள் நெறி கட்டியிருக்கிறது. காசநோயா, புற்றுநோயா என்று தெரிய, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசியால் சதை எடுக்க வேண்டுமாம். ஈபஸ் என்கிறார்கள். உயிருக்கே ஆபத்து என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறீர்கள். ஜப்பானில் இப்படி 7,345 பரிசோதனைகளைக் கணக்கெடுத்ததில் 90ல்தான் சிக்கல். பாதிக்கு மேல் ரத்தக்கசிவு. இறந்தவர் ஒருவர். நோய் தெரியாமல் வைத்தியம் தள்ளிப்போவதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

என் கவலை வேறு. அபூர்வமாக, ஊசி போன இடத்தில் கிருமி புகுந்து நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கும். சில நாள், சிலருக்குச் சில வாரம் கழித்துக் காய்ச்சலாகக் காட்டும். நம் ஆட்கள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள்! கையெழுத்து வாங்கும் தாளோ பல இடங்களில் ஆங்கிலத்தில். தமிழில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தால் என்ன? டாக்டராக இருக்கும் என் மாணவர்கள் யோசியுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பரிசோதனைக்குப் பின் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் வந்தால், "ஈபஸ் செய்தேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.