பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பாட்டாளி!

ஊத்துக்கோட்டையில் கூட்டம் முடிந்தது. ஒலிபெருக்கி ஓய்ந்தது, கூட்டம் கலைந்தது. பேருந்து நிலையத்தோரம் தேநீர்க் கடையிலே தோழர்கள் சூழ நின்றுகொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டிக்கு இரவு வேலைக்குப் புறப்பட்ட தோழன் ஒருவன் வந்தான். கை கொடுத்தான், வாய் திறக்கவில்லை. ஒரு பக்கத்துக் கன்னம் பூரி போல் உப்பியிருந்தது.

"என்ன தம்பி?" என்றேன்.

"பல்லுண்ணே. பத்து நாளாச்சு."

"மருத்துவரிடம் போகவில்லையா?"

"எங்கண்ணே போறது? பல்லைக் கடிச்சிக்கினு இருக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வலிக்கின்ற பல்லையே கடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் இரும்போடு போராடப் போகிறான் அவன். ஏறு வெயில் தாங்கியவன், எடை தாங்கியவன், எசமானன் ஏச்சையும் தாங்கியவன், இதையும் தாங்கட்டும் என்று விட்டுவிடலாமா?

அவனுக்கு ஊரார் சொன்ன மருந்து என்ன தெரியுமா? "பல்லிலே புழு இருக்கிறது, புகை போட்டு எடுத்துவிடு!" கண்டங்கத்தரி விதையை நெருப்பிலே இடுவார்கள். புகையை வாயிலே பிடிக்கச் சொல்வார்கள். சற்று நேரத்தில் தண்ணீர்த் தட்டிலே வெள்ளை வெள்ளையாய் எதுவோ மிதக்கும். "பார்த்தாயா புழுவை!" என்பார்கள். பணம் கைமாறும். வலி மட்டும் இடம் மாறாது.

இந்த வித்தை நம்மூர்ச் சரக்கு மட்டுமல்ல. மேல்நாட்டிலும் நடந்தது. அங்கே குரோசாணி ஓமம், இங்கே கண்டங்கத்தரி, இரண்டும் ஒரே கத்தரிக் குடும்பத்துச் செடிகள்தாம். இங்கிலாந்திலே ஜெரார்டு என்பவர் 1597-இல் வெளியிட்ட மூலிகை நூலிலேயே குட்டை உடைத்துவிட்டார். பல் பிடுங்கும் பித்தலாட்டக்காரர்கள் இசைக்கருவியின் நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீரில் போட்டுவிட்டு, உன் வாயிலிருந்து விழுந்த புழு என்று காட்டினார்களாம்! பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-இல் எழுதிய பெருநூலில், தேடித் தேடிப் பார்த்தும் புழுவைக் காணவில்லை என்று புழுக் கதைக்கு விடை கொடுத்தார். முந்நூறாண்டு ஆகப்போகிறது. அங்கே செத்த புழு இங்கே மட்டும் உயிரோடு நெளிகிறது. சந்தேகப்படும் தோழர்கள் ஒன்று செய்யலாம்: யாரும் வாய் வைக்காமல் விதையை மட்டும் சுட்டுத் தட்டிலே விழுவதைப் பாருங்கள். பல்லே இல்லாத நெருப்புக்குப் புழு எங்கிருந்து வந்தது என்று புகை போடுபவரைக் கேளுங்கள்.

பழமை என்றாலே மடமை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பலுசிஸ்தானத்து மெகர்கர் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த எலும்புக் கூடுகளிலே, ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்களில் துளையிட்டிருந்ததைக் கண்டு 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏழாயிரத்து ஐந்நூறு முதல் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பற்கள்! மின்சாரமில்லை, மயக்க மருந்தில்லை. கல்லையே துளைகருவியாக்கி அன்றைய மனிதன் பல்லைத் துளைத்திருக்கிறான். துளையிட்ட பிறகும் அவர்கள் அந்தப் பல்லால் மென்று வாழ்ந்த தேய்மானம் அதிலே இருக்கிறது. கற்காலத்தானுக்கு அந்த முயற்சியாவது கிடைத்தது. கணிப்பொறிக் காலத்துத் தொழிலாளிக்குக் கிடைப்பது புகை!

சரி, புழு இல்லை என்றால் பல்லைத் தின்பது எது? அமெரிக்கரான மில்லர், பெர்லின் நகரிலே ஆராய்ந்து 1890-இல் சொன்னார்: வாயிலே வாழும் நுண்ணுயிர்கள் நாம் தின்னும் மாவையும் சர்க்கரையையும் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. உடம்பிலேயே கடினமான பொருள் அந்தப் பூச்சு, எலும்பினும் கடினம். ஆனால் எலும்பு முறிந்தால் கூடும். பல்லின் பூச்சு குழிந்தால் மீண்டும் வளராது. ஒரு குவளை இனிப்புத் தேநீர் உள்ளே போனால் ஏறக்குறைய அரை மணி நேரம் வாயிலே அமிலத்தின் ஆட்சி. இரவு வேலைக்காரன் தூக்கத்தை விரட்ட ஆறு குவளை குடிக்கிறான். ஆறு அரை மூன்று மணி நேரம்! விடிந்ததும் களைப்பிலே வாய் கொப்பளிக்காமல் படுத்துவிடுகிறான். படுக்கும்போது எச்சில் சுரப்பும் குறையும். அமிலத்தைக் கழுவ ஆளில்லை. அவன் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை நேரத்தை அவனா வகுத்தான்?

பேட்டரித் தொழிலிலும், அமிலத் தொட்டிகளின் அருகிலும் வேலை செய்வோருக்கு இன்னொன்றும் உண்டு. காற்றிலே கலந்த கந்தக அமில ஆவி முன்பற்களைத் தேய்க்கிறது. பேசும்போதும் மூச்சு வாங்கும்போதும் வெளியே தெரியும் பற்கள்தாம் முதலில் பலியாகின்றன. உலகத்துத் தொழில் மருத்துவ நூல்களிலே ஏறிவிட்ட செய்தி இது. நமது ஆலைகளிலே எத்தனை மேற்பார்வையாளர் இதைக் கேட்டிருப்பார்?

பல்லிலே கறை படிந்த பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கிறார்களே, அதையும் விதி என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். நமக்கு வடக்கே நெல்லூர் மாவட்டம். அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் அங்கே ஆராய்ந்து, பல்லின் கறைக்கும் எலும்பின் கோணலுக்கும் காரணம் தண்ணீரிலுள்ள ஃபுளூரைடு என்று எழுதினார்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது. அளவோடு இருந்தால் பல்லைக் காக்கும் அதே பொருள், மிகுந்தால் கெடுக்கும். தருமபுரி, கிருட்டிணகிரி மக்களுக்கு அந்த நீரிலிருந்து விடுதலை தருவதற்கென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. தலையெழுத்து என்று சொன்னதைக் குடிநீர்க் குழாய் அழித்து எழுதியது!

இனிச் சொல்லப் போவது கசக்கும்.

எல்லையைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி. ஆலகால நஞ்சை உண்ட மயக்கத்திலே சிவன் பள்ளிகொண்டான் என்பது அந்தக் கோயிலின் கதை. கதையிலே நஞ்சு கழுத்தோடு நின்றது. நமது தோழன் கன்னத்திலே அடக்கி வைக்கும் நஞ்சு கழுத்தோடு நிற்பதில்லை. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-இலேயே தடை வந்தது. ஆனாலும் பெட்டிக்கடைப் பலகைக்கடியில் கை நுழைகிறது, பொட்டலம் வருகிறது. தூக்கம் வராதிருக்க ஒரு சிட்டிகை, பல் வலி மரத்துப்போக ஒரு சிட்டிகை, பசி தெரியாதிருக்க ஒரு சிட்டிகை. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்கக் கூடாதென்று இந்திய அரசு 1992-இலேயே விதித்ததே, ஏன்? புகையிலை இல்லாத வெறும் பாக்கு என்பாரும் உண்டு. பாக்கும் புற்றுநோய் விளைப்பது என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004-இல் அறிவித்துவிட்டது.

நமக்குப் புள்ளிவிவரம் எதற்கு, தோழர்களே? 1969 பிப்ரவரி 3-ஆம் நாளை மறந்தோமா? அண்ணாவை நாம் இழந்தது உணவுக்குழாயில் வந்த புற்றுநோயால். முந்தைய ஆண்டுதான் நியூயார்க் வரை சென்று அறுவை மருத்துவம் செய்துகொண்டு திரும்பியிருந்தார். புகையிலை மெல்லும் பழக்கமே காரணம் என்று சொன்னார்கள். அறுபது வயதுகூட நிறையவில்லை. அவர் படத்தைச் சட்டைப் பையிலே வைத்திருக்கும் தோழன், அதே பையிலே அந்தப் பொட்டலத்தையும் வைத்திருக்கக் கண்டிருக்கிறேன். கண்டும் பேசாமல் வந்திருக்கிறேன். அந்தக் குற்றம் என்னுடையது.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, முன்போல் வாய் விரியாமை: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலம் தாழ்த்தாதே. தொடக்கத்தில் கண்டால் பிழைக்கலாம். வலி வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் கடந்திருக்கும். வீங்கிய கன்னத்தையும் அலட்சியம் செய்யாதே. பல் வேரின் சீழ் தாடைக்கடியில் இறங்கிக் கழுத்தை அடைத்து மூச்சை நிறுத்துவதுண்டு. ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இலேயே இதை விளக்கினார். அவர் பெயராலேயே அந்த நோயை இன்றும் அழைக்கிறார்கள். கிராம்பு எண்ணெய் வைத்தால் வலி அடங்கும். மறுக்கவில்லை, மருத்துவரும் அதைப் பயன்படுத்துகிறார். ஆனால் அடங்குவது வலிதான், சீழ் அல்ல.

உலகிலே ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருப்பதாக உலக நல நிறுவனம் 2022-இல் கணக்குச் சொன்னது. அவர்களிலே நான்கில் மூவர் நடுத்தர வருவாய் நாடுகளிலே வாழ்பவர்கள். பல் மருத்துவம் பணக்காரன் புன்னகைக்கு என்று நினைத்தோமே, நோய் யார் வீட்டில் குடியிருக்கிறது என்று பாருங்கள்!

அந்தத் தோழனிடம் மருத்துவர் இல்லாமலில்லை என்று சொன்னேன். சென்னையிலே 1953-இல் மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவள்ளூரிலே 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. தொழிலாளர் ஈட்டுறுதி என்ற இ.எஸ்.ஐ. இருக்கிறது, அதிலே பல் மருத்துவமும் அடக்கம். 2019 சூலை முதல் சம்பளம் நூறு ரூபாய்க்கு உன் பங்கு 75 காசு, முதலாளி பங்கு 3 ரூபாய் 25 காசு. தருமமல்ல தம்பி, நீ கட்டிய பணம்!

"பிடிக்கறாங்கண்ணே. அட்டைதான் வரல. மேஸ்திரிய கேட்டா கம்பெனிய கேளுங்கறாரு. கம்பெனில கேட்டா மேஸ்திரிய கேளுங்கறாங்க."

"சரி, அட்டை வரட்டும். நாளைக் காலையிலே திருவள்ளூருக்குப் போ. அரசு மருத்துவமனைக்கு அட்டை வேண்டாம்."

பேருந்து உறுமியது. படியில் ஒரு காலை வைத்தபடியே திரும்பிக் கேட்டான்: "லீவு போட்டா ஒரு நாள் கூலி பூடுமேண்ணே, அதை யார் தருவாங்க?"

விடை சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. பேருந்து போய்விட்டது. கும்மிடிப்பூண்டித் தோழர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலை எழுதும்போது, போனசுக்கும் பஞ்சப்படிக்கும் கீழே இன்னும் இரண்டு வரி எழுதட்டும்: ஒப்பந்தத் தொழிலாளி ஒவ்வொருவன் கையிலும் இ.எஸ்.ஐ. அட்டை, ஆண்டுக்கொருமுறை ஆலைக்குள்ளேயே பல்லும் வாயும் பார்க்க மருத்துவர், அன்றைய கூலி குறையாமல்.