விதைநெல்லும் புளூட்டோனியமும்

2019ஆம் வருஷம் வரை மாகறலுக்கும் கல்பாக்கத்துக்கும் ஜில்லா ஒன்றே. சேயாற்றங்கரையில் ஏர் பிடிக்கும் குடியானவருக்கு அணு விஞ்ஞானம் தூரத்து விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் தேசத்தின் புளூட்டோனியத்தை எவ்விதம் செலவிடுவது என்பது அவருடைய சொத்தைப் பற்றிய கேள்வியேயாகும்.

மேல்நாட்டார் கண்ட மார்க்கம் ஒன்று உண்டு. கடுகினும் சிறிய எரிபொருள் மணி ஒவ்வொன்றின் மீதும் கரியும் சிலிக்கன் கார்பைடும் அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். அம்மணிகளைக் கிராபைட்டில் பதித்து, ஹீலியம் வாயுவால் குளிர்விக்கும் உயர்வெப்ப உலையில் எரிக்கிறார்கள். உஷ்ணம் 1600 டிகிரியை எட்டினாலும், கதிரியக்கப் பொருள்களில் பெரும்பகுதியை இக்கவசம் வெளியே விடுவதில்லை. 1964இல் இங்கிலாந்தில் இயங்கத் தொடங்கிய டிராகன் உலையில் வளர்ந்த இம்முறையைக் கொண்டு, சீனா 2023 டிசம்பரில் யுரேனிய உலையொன்றை வியாபார ரீதியில் நடத்த முற்பட்டது.

இத்தகைய உலையில் ரஷ்யாவின் ஆயுதப் புளூட்டோனியத்தை எரித்தொழிக்கவும் அமெரிக்கரும் ரஷ்யரும் திட்டமிட்டனர். அது ஏட்டளவில் நின்றது. தலைக்கு 34 டன் ஒழிப்பதென்று 2000இல் செய்துகொண்ட உடன்படிக்கையையும் ரஷ்யா 2016இல் நிறுத்தி வைத்தது.

அவர்களுக்குப் புளூட்டோனியம் சுமை, நமக்கோ விதைநெல். அதனை வேக ஈனுலையில் இட்டுப் பெருக்கி, பின்னர் தோரியத்துக்குச் செல்வதே பாபா வகுத்த பாதை. பூச்சு மணியின் குணமே இங்கு குறையாகிறது: உடைத்தற்கரிய கவசத்தினுள் எஞ்சியதை மீட்பது கடினம். விதைநெல்லைக் குத்தித் தின்பதை நாம் ஆதரிப்பதற்கில்லை.

எனினும் இக்கலையையே ஒதுக்கலாகாது. தோரியமும் யுரேனியம் 233உம் கொண்ட பூச்சு மணிகளால் 1000 டிகிரி வெப்பம் தரும் சிற்றுலையொன்றைப் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் வடிவமைத்திருக்கின்றனர். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க அவ்வெப்பம் உதவும். பூச்சுக் கலை வளரவேண்டிய வயல் அதுவே.

ஆனால் குதிரில் கிடக்கும் விதையையும் காலம் அரிக்கும். புளூட்டோனியம் 241 சுமார் 14 வருஷத்தில் பாதியாகக் குறைந்து அமெரிசியமாக மாறுகிறது. கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலைக்குக் குறித்த கெடு 2010. அதன் கருவை நிரப்பும் வேலையோ 2024 மார்ச்சில்தான் ஆரம்பமாயிற்று. விதையைக் காப்பதாகச் சொல்லி விதைப்பைத் தாமதிப்பதும் நஷ்டமே. கையிருப்பு எவ்வளவு, கழிவு எவ்வளவு, தாமதத்தின் விலை என்ன என்று சர்க்கார் ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டும். உரியவரிடம் கணக்கை மறைத்து நடத்தும் பண்ணை செழித்ததில்லை.