பச்சை உப்பெல்லாம் அன்னபேதி அல்ல

கோவை மாவட்டம் சூலூர் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: நிலக்கடலையில் இளம் இலைகள் வெளுக்கின்றன. முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்க்கும் மைத்துனர், அங்கே மீந்த பச்சை உப்பு ஐந்து கிலோ கொடுத்தார். பார்வைக்கு அன்னபேதி போலவே இருந்ததால் இரண்டு பாத்திக்குத் தெளித்தாயிற்று. மீதியையும் தெளிக்கலாமா?

பதில்: கூடாது. பட்டறையில் இரும்புக்கும் பித்தளைக்கும் பளபளப்பு ஏற்றப் பயன்படும் பச்சை உப்பு பெரும்பாலும் நிக்கல் சல்பேட். இப்போது பேட்டரித் தொழிலிலும் இதற்குக் கிராக்கி அதிகம். அன்னபேதி என்பது இரும்புச் சல்பேட். இரண்டும் பச்சை, இரண்டும் நீரில் கரையும், ஒற்றுமை அவ்வளவுதான். அன்னபேதிக் கரைசலைத் திறந்து வைத்தால் துருநிறம் ஏறும். நிக்கல் கரைசல் பச்சையாகவே நிற்கும்.

பயிருக்கு நிக்கல் அறவே வேண்டாததல்ல. செடிக்குள் யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதியில் நிக்கல் இருப்பதை 1975ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வாளவரை இன விதையில் கண்டார்கள். ஆனால் ஒரு கிலோ உலர்ந்த செடிக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே போதும். இந்த உப்பிலோ கிலோவுக்கு 220 கிராம் நிக்கல்! அளவு மீறினால் அது இரும்பின் வேலையைக் கெடுத்து இலையை இன்னும் வெளுக்க வைக்கும். மருந்தென்று அடித்தது நோயைக் கூட்டும்.

சுண்ணாம்பு மண்ணில் கடலை வெளுத்தால், கடையில் பெயர் அச்சிட்ட பையில் வரும் அன்னபேதியை வாங்கி, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

தெளித்த இரண்டு பாத்தியின் கொடியை மாட்டுக்குப் போட வேண்டாம். கடலையையும் வீட்டுக்கோ விதைக்கோ எடுக்க வேண்டாம். மீதி உப்பை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், உலர்ந்த பையில் கட்டிப் பட்டறைக்கே திருப்பித் தர வேண்டும். அபாயக் கழிவை முறைப்படி அப்புறப்படுத்துவது அவர்கள் பொறுப்பு. வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் அரித்துப் புண்ணாகும். தூள் மூச்சில் ஏறுவது அதைவிட மோசம். நிக்கல் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவை. பை கட்டும்போது கையுறையும் முகமூடியும் அவசியம்.

அந்தப் பாத்திகளின் மண்ணைத் தனியாக எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, நிக்கல் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் அது வராது.