பனிமலையிலும் படி குறைவா?

பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பாத ஊர் குறைவு. சிப்பாயாகப் போகிறவன் பண்ணையார் மகனல்ல. மில் முதலாளி மகனுமல்ல. நம் வீட்டுப் பையன்தான்.

2016 பிப்ரவரி 3-ந் தேதி சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியன் நின்ற சோனம் காவல் நிலையைப் பனிச்சரிவு மூடியது. பத்து ஜவான்கள் மாண்டனர். நால்வர் தமிழ்நாட்டவர். மதுரை, தேனி ஜில்லாக்காரர்களும் அவர்களில் உண்டு. அந்தச் சாவுக்கும் ரேஷனுக்கும் நாம் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அதே காலத்துக் கணக்கைப் புரட்டிய தலைமைத் தணிக்கையாளர் என்ன சொன்னார்? 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட அறிக்கை இது: உயர்மலை ஜவான்களின் சிறப்பு ரேஷனில் கலோரி 82 சதவீதம் வரை குறைந்தது!

எப்படிக் குறைந்தது? விதித்த பண்டம் இல்லாவிட்டால் மாற்றுப் பண்டம். அதைச் சத்துக்குச் சத்து தரவில்லை, விலைக்கு விலை தந்தார்கள். மாற்றுப் பண்டம் விலை கூடியதென்றால் அளவு கைப்பிடியாகச் சுருங்கும். காகிதத்தில் கணக்கு நேர், வயிற்றில் பள்ளம். விவசாயத் தொழிலாளிக்கு இது புதிதா? மரக்காலில் அளந்த கூலி நெல்லைக் காசாக்குகிறோம் என்று மிராசுதார் தன் விலையைப் போட்டுத் தந்தபோது, அந்தக் காசுக்குச் சந்தையில் எத்தனை படி கிடைத்ததென்று நம் தாய்மார்களுக்குத் தெரியும்.

அந்த உயரத்தில் பசியே மந்தித்துவிடும். உடம்போ குளிரோடு மல்லுக்கட்டக் கூடுதல் தீனி கேட்கும். அதனால்தான் கொஞ்சத்தில் நிறையச் சத்துள்ள பண்டம் வேண்டும்.

தண்ணீர் விஷயம் இன்னும் விசித்திரம். மில்லில் வேர்வை சொட்டும் நமக்குத் தாகம் தானே எடுக்கிறது. அங்கே எடுக்காது. வறண்ட காற்றில் மூச்சுக்கு மூச்சு ஈரம் போய்க்கொண்டே இருக்கும். சுற்றிலும் பனிதானே என்று அள்ளித் தின்றால் உள்சூடு போய்விடும். ஸ்டவ் மூட்டி உருக்க வேண்டும். பாத்திரம் நிறையப் பனி போட்டாலும் அடியில் கொஞ்சம் நீர்தான். அங்கே மண்ணெண்ணெய் தீர்ந்தால் தண்ணீரும் தீர்ந்தது. ஆகவே ரேஷன் என்பது சோறு மட்டுமல்ல, எரிபொருளும்தான்.

பழைய கதை, 2015-16 கணக்கு, இன்று நிலைமை வேறு என்று ராணுவத் தலைமைத் தளபதி அன்று பதில் சொன்னார். இருக்கட்டும். பழைய குளிரில் நின்றவனும் மனிதன்தானே? கேட்க வேண்டியவன் வாய் திறந்தால் என்ன ஆகிறது? 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை ஜவான் ஒருவர் கருகிய ரொட்டியையும் தண்ணீரான பருப்பையும் படம் பிடித்துக் காட்டினார். ஏப்ரலில் வேலை போயிற்று. சங்கம் வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது, நாம் கேட்போம்.

1965 முதல் மேடைதோறும் 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' கேட்டுவிட்டோம். விலைக்கு விலை விதி ஒழிந்தது என்றால், அந்த உத்தரவைச் சர்க்கார் பார்லிமெண்டில் வைக்கட்டும்.