மனிதச் செவி கேளாத புகழ்



“பூமிக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வயது என்று பள்ளியில் படித்த என் மகன், ஆறு நாட்களில் படைப்பு என்பதை எவ்வாறு நம்புவது என்று கேட்கிறான். அவனைக் கண்டிக்கலாமா, சுவாமி?” என்று தாய் ஒருவர் நம்மிடம் வினவினார். கண்டிக்க வேண்டாம், அவனுக்குச் சொல்ல நம் மண்ணிலேயே விடை இருக்கிறது.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில், கல்லில் பதிந்த தொன்மையான இலைகள் கிடைக்கின்றன. இராபர்ட் புரூஸ் பூட் என்னும் புவியியல் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் அவ்வடுக்குகளை ஆராய்ந்தார். அதே இனத் தாவரங்களின் பதிவுகள் தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிக்காவிலும் உள்ளன. காரணம் என்ன? மாமல்லபுரக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் இன்று கடலே தெரிகிறது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியும்வரை, அக்கண்டம் நமது கீழைக் கரையோடு ஒட்டியிருந்தது.

நம்மை விட்டுப் பிரிந்த அந்நிலத்தின் வேகா தீவில், 1992-இல் அர்ஜென்டினா நாட்டு ஆய்வாளர் ஒரு பறவையின் எலும்புகளைக் கண்டெடுத்தனர். 2005-இல் அதற்கு ‘வேகாவிஸ்’ என்று பெயரிடப்பட்டது. அது வாழ்ந்தது சுமார் 6 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். அன்று அங்கே இன்றைய பனிப்போர்வை இல்லை, காடுகள் செழித்திருந்தன. அது நீரில் மூழ்கி மீன் பிடித்த பறவை என்றும், வாத்து இனத்துக்கு உறவு என்றும் அதன் மண்டையோட்டை ஆராய்ந்தோர் 2025-இல் கூறினர்.

இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. அதன் குரலுறுப்பும் கல்லாகி நிலைத்திருப்பதை 2016-இல் அறிஞர் வெளியிட்டனர். வாத்தினைப் போல் அது குரலெழுப்பியிருக்கக்கூடும். அக்குரலைக் கேட்க அன்று மனிதச் செவி ஒன்றேனும் இல்லை. ஆயினும் அது வீணாயிற்றா? எரிசூளையில் நின்ற இளைஞர் மூவர், ஆண்டவரைப் போற்றுமாறு வானத்துப் பறவைகளையும் அழைத்ததாகத் தானியேல் ஆகமம் கூறுகிறது. அந்த அழைப்புக்கு நெடுங்காலம் முன்பே பறவைகள் அதனை நிறைவேற்றிக்கொண்டிருந்தன. கேட்டவர் படைத்தவர் ஒருவரே.

ஆதியாகமம் கடிகாரம் அன்று. எத்தனை ஆண்டு, எவ்விதம் என்பது அறிவியலின் வினா. யாரால், எதற்காக என்பது விசுவாசத்தின் வினா. பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்தினும் மேலானது என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரே 1996-இல் ஏற்றுக்கொண்டார். உண்மை உண்மைக்குப் பகையாகாது.

உலகம் நமக்காக மட்டும் படைக்கப்படவில்லை என்றால் நம் கடமை குறையவில்லை, கூடுகிறது. வேடந்தாங்கல் உழவர் தம் ஏரிப் பறவைகளைக் காத்து வந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று. 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்று உத்தரவளித்தார். வடநாடுகளிலிருந்து ஊசிவால் வாத்துகள் இன்றும் அங்கு வருகின்றன.

ஆகவே, தாய்மாரே, குளிர்காலத்தில் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். சற்று நேரம் மௌனமாய் நின்று அக்குரல்களைக் கேட்கச் செய்யுங்கள். நாமும் நம் குரலை அவற்றோடு சேர்ப்போமாக.